ஒரே கால், மூணு எண்: இதுல எது உண்மை?

மினி ப்ராஜெக்டுக்காக ஷூவுக்குள்ள வைக்கிற இன்சோல்ல 6 எஃப்.எஸ்.ஆர். சென்சார் ஒட்டி, டீம்மேட்டோட தம்பியை நடக்க விட்டோம். எட்டாம் வகுப்புப் பையன். முதல் நடையில குதிகாலுக்கு ஒரு எண், அடுத்ததுல வேற, மூணாவது இரண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ரிவ்யூல கைடு கேட்டது ஒரே கேள்வி: "இதுல எதுப்பா அந்தப் பையனோட கால்?"

முழிச்சோம்.

அவர் கேட்டது நம்பகத்தன்மை பற்றி. துல்லியம் வேற, இது வேற. எப்பவும் 2 கிலோ கூடக் காட்டுற எடை மிஷின் தப்பானது, ஆனா நம்பகமானது. பத்து நிமிஷத்துல 58-ஐ 61 ஆக்குற மிஷினை வச்சு, உடம்பு ஏறிச்சா இறங்கிச்சான்னு சொல்லவே முடியாது.

பெருமூளை வாதம், பிறவி வளைபாதம் உள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பாத அழுத்தம் பார்ப்பதுண்டு. அழுத்தம் குறைந்தது சிகிச்சையாலா, இல்ல எண் சும்மா ஆடியதா? அதைப் பிரிக்கணும்னா, ஆரோக்கியமான பிள்ளைகளிடம் அந்த எண் தானாக எவ்வளவு ஆடும்னு முதல்ல தெரியணும். அதனாலதான் அவங்களைச் சில நாள் இடைவெளியில இரண்டு தடவை அளக்கிறாங்க.

ஆட்டத்துக்குக் காரணம் சென்சார் மட்டுமில்ல. எஃப்.எஸ்.ஆர். மேல அதே எடை இருந்தாலும் ரீடிங் மெல்ல நகரும், சரி. ஆனா தரையில பதிச்ச அழுத்த மேடையைப் பார்த்ததும் பிள்ளைங்க அதுல கரெக்டா கால் வைக்கணும்னு எட்டை நீட்டுவாங்க, இல்ல குறுக்குவாங்க. வேகம் மாறினா அழுத்தமும் மாறும். அதனால ஒரு எட்டை நம்பாம, பல எட்டுகளோட சராசரியை எடுப்பாங்க. பாதத்துல எல்லா இடமும் ஒண்ணும் இல்ல. குதிகால் நல்லா அழுந்தும், எண்ணும் ஓரளவு நிலையா நிக்கும். வளைவான பாதத்துல நடுப்பகுதி தரையைத் தொடுறதே கொஞ்சம். சுண்டுவிரல் இன்னும் மோசம், சின்னப் பிள்ளைன்னா சில சென்சார் மேலதான் படும்.

நான் ஏமாந்தது ஐ.சி.சி. என்ற எண்ணில. 1-க்குப் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அது, மொத்த வேறுபாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் பங்கு. 7 வயசுப் பொடியனையும் 16 வயசுப் பையனையும் ஒரே குழுவில போட்டா, ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிசாகி ஐ.சி.சி. ஜம்முனு ஏறும். ஒவ்வொரு பிள்ளையோட ஆட்டமும் அப்படியேதான் இருக்கும்!

ஒரு கற்பனைக் கணக்கு: திட்ட விலக்கம் 50 கிலோபாஸ்கல், ஐ.சி.சி. 0.84. அளவீட்டுப் பிழை 50 × √(1 − 0.84) = 20. இரண்டு தடவை அளப்பதால் √2, 95% உறுதிக்கு 1.96 பெருக்கினா சுமார் 55. அதாவது, புது இன்சோல் போட்டபிறகு ஒரு பிள்ளைக்கு 40 கிலோபாஸ்கல் குறைஞ்சா, அது இன்சோல் செஞ்ச வேலைன்னு அந்த ஒரு எண்ணை வச்சுச் சொல்ல முடியாது. ஐ.சி.சி. மட்டும் பார்த்தவங்க சொல்லிடுவாங்க. அப்பா அம்மாவும் காசு கொடுத்துடுவாங்க.

ரிவ்யூ முடிஞ்சு தம்பியை மறுபடி கெஞ்சிக் கூப்பிட்டோம். ஸ்டாப்வாட்ச் வச்சு ஒரே வேகம், ஒவ்வொரு தடவையும் 5 நடை, ஒரு வாரம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு சுற்று. குதிகால் எண் ஓரளவு கட்டுக்குள்ள வந்துச்சு. சுண்டுவிரல் சென்சாரை மட்டும் பிடுங்கிட்டோம்.