எந்தப் பத்துப் பேர்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். புள்ளியியலார் ‘மாதிரி’ என்பதும் இதுவே. ஆனால், கிளறாமல் மேலாக எடுத்த சோறு ஏமாற்றிவிடும் அல்லவா?

1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் மறுமொழி தந்தனர். லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்!

காரணம் என்ன? முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களில் எடுக்கப்பட்டவை. ஏழைகளின் குரல் அதில் குறைந்தது. சீட்டுப் பெற்றோரிலும் பெரும்பாலோர் பதில் அனுப்பவில்லை. எண்ணிக்கை பெருகியும் பிழை நீங்கவில்லை. அதே தேர்தலில், மிகக் குறைந்த பேரை வினவிய காலப் என்பவர் வெற்றியாளரைச் சரியாகக் கணித்தார்.

அன்பு வாசகர்களே! ‘பத்தில் எட்டுப் பேர்’ என எவரேனும் கூறினால், ‘எந்தப் பத்துப் பேர்?’ என வினவுங்கள்.