முதுகில் காசநோய், வயிற்றில் வலி!



டி.பி. என்றதும் நமக்கு இருமல்தான் ஞாபகம் வரும். இருமலே இல்லாமல் எலும்புக்குள் உட்கார்ந்துகொள்ளும் டி.பி.யும் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலையில் நாள் முழுக்கக் குனிந்து உட்காருபவர்கள் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறார்கள். "முதுகு வலிக்குது" என்றால், "உக்காந்தே வேலை பாத்தா வலிக்கத்தான செய்யும்" என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது வேலை வலிதான். ஆனால் எப்போது அது வேலை வலி இல்லை என்று தெரிந்திருக்க வேண்டாமா?

எலும்புக்கு எப்படிப் போகிறது?

1882-ல் ராபர்ட் காக் கண்டறிந்த அதே கிருமிதான். மூச்சு வழியாக நுரையீரலில் நுழைந்து, ரத்தத்தோடு எலும்புக்குப் போய்ச் சேருகிறது. எலும்பு, மூட்டு டி.பி.யில் ஏறக்குறையப் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட் 1779-ல் இதைப் பற்றி எழுதியதால் 'பாட்ஸ் நோய்' என்று பெயர்.

சிவில் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதுகெலும்பு என்பது கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய காலம். கிருமி பெரும்பாலும் கட்டையின் முன்பக்கத்தைத்தான் அரிக்கும். பின்பக்கம் நிற்கும், முன்பக்கம் நசுங்கும், மேலே உள்ள லோடு முன்னால் சாயும். விளைவு, கூன். அங்கே சேரும் சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால் மரத்து நடையே போய்விடலாம். இந்தச் சீழ்க்கட்டியில் சாதாரணக் கட்டி போலச் சூடோ சிவப்போ இருக்காது. சில சமயம் தசை வழியே இறங்கித் தொடையிடுக்கில் வீக்கமாகத் தெரியும்.

வயிறு ஏன் வலிக்கிறது?

நடு முதுகிலிருந்து புறப்படும் நரம்புகள் விலாவைச் சுற்றி வந்து வயிற்றின் முன்சுவரில் முடிகின்றன. அவற்றின் வேர் முதுகில் அழுத்தப்பட்டாலும், மூளைக்கு அது வயிற்று லைனில் வந்த தகவல்தான். டெலிபோன் லைனில் நடுவே கொக்கி போட்டு ஒருவர் பேசினால், அந்த நம்பர்க்காரர் பேசுவதாகத்தானே கணக்கு! அதனால்தான் இந்த நோயுள்ள குழந்தை சில சமயம் "வயிறு வலிக்குது" என்கிறது. நாமும் பூச்சி மருந்து கொடுத்துப் பார்க்கிறோம்.

இரைப்பைக்கும் மூளைக்கும் நடுவே இரண்டு லைன் உண்டு. ஒன்று வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலிருந்து கழுத்து, மார்பு வழியாக இறங்குகிறது, முதுகெலும்புக்குள் போவதில்லை. அதன் இழைகளில் பெரும்பகுதி வயிற்றின் செய்தியை மூளைக்குச் சொல்பவை. இன்னொரு லைன் தண்டுவடம் வழியே போகிறது. எனவே தண்டுவடம் நசுங்கிக் கால் விழுந்தவருக்கும் வேகஸ் லைன் அறுவதில்லை.

சென்னை தந்த விடை

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் நுரையீரல் டி.பி. குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது இந்த மையம்தான். பிறகு முதுகெலும்பு டி.பி.யையும் எடுத்துக்கொண்டார்கள். கால் விழாத நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் 6 மாத மருந்தும். மற்ற இரண்டுக்கும் நடமாடிக்கொண்டே 6 மாதம் அல்லது 9 மாத மருந்து மட்டும். மருந்து ஐசோனியசிட், ரிஃபாம்பிசின். பத்து வருட முடிவு 1999-ல் வெளியானது. நல்ல நிலையில் இருந்தவர்கள் முறையே 90, 94, 99 சதவீதம்!

ஒரு விதிவிலக்கு: 15 வயதுக்குக் கீழே, ஆரம்பத்திலேயே கூனின் கோணம் 30 டிகிரிக்கு மேல் இருந்தவர்களுக்கு, மருந்து மட்டும் கொடுத்தபோது கூன் மிகவும் அதிகமானது. சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் தாமதம் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. இப்போது நம் நாட்டில் முதுகெலும்பு டி.பி.க்குப் பொதுவாக 12 மாதம் மருந்து தருகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

வாரக்கணக்கில் குறையாத முதுகு வலி, ராத்திரி படுத்தாலும் வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை இருந்தால் சுளுக்கு எடுக்க ஓடாதீர்கள். கால் தடுமாறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி! ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் டி.பி. மருந்து இலவசம். வலி போச்சு என்று மருந்தைப் பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத டி.பி. வரலாம்.

எலும்பில் மட்டும் உள்ள டி.பி. அடுத்தவருக்கு ஒட்டாது. ஆகவே மறைக்கவோ, தட்டைத் தனியாக வைக்கவோ தேவையில்லை. லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதை வீட்டில் சொல்லுங்கள். ஒருவருடைய நடையை அது காப்பாற்றலாம்.