புளியங்கட்டையும் காய்ப்பலகையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

என் தந்தையார் ஆட்டுக்கறிக் கடையில் கறி வெட்டுபவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதலாண்டில் நுண்ணுயிரிகளைப் பற்றிப் படித்ததுதான் தாமதம், "மரத்தில் கிருமி தங்கும்" என்று சொல்லிக் காய் நறுக்கும் மரப்பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் பலகை வாங்கி வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும், "அப்போ என் கட்டை?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் குழுவினர், மரப்பலகையையும் பிளாஸ்டிக் அளவுக்குத் தூய்மையாக்க வழி தேடித்தான் ஆராயத் தொடங்கினர். 1994இல் அவர்கள் வெளியிட்ட முடிவோ வேறு. மரத்தின்மேல் விட்ட பாக்டீரியாக்களை ஈரத்தோடு மரம் உள்ளிழுத்துக்கொண்டது. அவை அங்கே பெருகாமல் மெல்ல மடிந்தன. புதுப் பிளாஸ்டிக் கழுவினால் சுத்தமாகும். ஆனால் கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கிருமிகள் கீறலுக்குள் பதுங்கிக்கொண்டன. அதற்காக மரத்தைக் கழுவவே வேண்டாம் என்பதல்ல! பச்சைக் கறிக்கு ஒன்றும் காய்க்கு ஒன்றுமாக இரண்டு பலகை வைத்துக்கொள்வதே நல்லது.

கறிக்கடையில் புளியங்கட்டையைத் தேடிப் போடுவது ஏன்? புளிய மரம் கனமானது. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளவாது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து நிறுத்துவதால் நார்கள் செங்குத்தாக நிற்கின்றன. கத்தி நாரை அறுக்காமல் நார்களுக்கிடையே இறங்குகிறது. கத்தியும் விரைவில் மழுங்காது. அப்படியும் கட்டை நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்பதுண்டு. மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையம் நோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. வெடிப்புக்குக் காரணம் அதுவே.

வீட்டுக்குப் பலகை வாங்குவோர் கனமானதாய், கணுவும் வெடிப்பும் இல்லாததாய், வார்னிஷ் பூசாததாய்ப் பார்த்து வாங்குக. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அப்பக்கம் உப்பிப் பலகை வளைந்துவிடும். ஆகவே இருபுறமும் கழுவித் துடைத்து, நிழலில் நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. சிலர் சமையல் எண்ணெய் பூசுகிறார்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

அப்பா கடை அடைக்குமுன் கட்டையைக் கத்தியால் சுரண்டிக் கல்லுப்பைத் தூவிவிட்டு வருவார். உப்பு ஈரத்தை உறிஞ்சுகிறது; ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். "அதுக்குத்தானேடா உப்புப் போடுறோம்" என்றார்.

நான் வாங்கிய பிளாஸ்டிக் பலகை இப்போது தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக இருக்கிறது.