மருத்துவ பீடத்துக்கு மகளை அனுப்புமுன்...

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எங்கள் பாடசாலை வாசலில் இரண்டு வகையான பெற்றோரைக் காணலாம். பிள்ளைக்குப் புள்ளி போதவில்லையே என்று கலங்குபவர்கள் ஒரு சாரார். புள்ளி கிடைத்துவிட்டது, இனி இவளை எங்கே அனுப்புவது என்று கலங்குபவர்கள் மறுசாரார். இந்த இரண்டாம் சாராருக்காகவே இதை எழுதுகின்றேன். அவர்களில் ஒருவருக்கு நான் முன்னொருமுறை பிழையான ஆலோசனை சொல்லியிருக்கின்றேன்.

உயிரியல் பிரிவில் நல்ல சித்தி பெற்றிருந்த மாணவி ஒருத்தியின் வாப்பா அன்று என்னைத் தேடி வந்தார். "மௌலவி, மகள் டொக்டராக வேண்டும் என்று நிற்கிறாள். அவளுடைய உம்மா, தூர இடமென்றால் அனுப்பவே மாட்டேன் என்று அழுகிறாள். நான் என்ன செய்ய?" என்று கேட்டார். "பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களை மட்டும் எழுதுங்கள். அல்லாஹ் நாடினால் கிடைக்கும்" என்றேன். மனிதர் நிம்மதியோடு எழுந்து போனார்.

வெட்டுப்புள்ளிகள் வந்தபோது அந்த இரண்டுக்கும் அவளுடைய புள்ளி சற்றே குறைவு. அதே மாவட்டத்தில் அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளையொருத்தி, நாங்கள் எழுதாமல் விட்ட தூரத்து மருத்துவ பீடம் ஒன்றுக்குத் தெரிவாகியிருந்தாள். எங்கள் மாணவி விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குச் சென்றாள். இன்று அவள் நல்லதோர் ஆசிரியை, அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ்வின் கத்ரில் எனக்கு முறைப்பாடு இல்லை. படிவத்தின் கணக்கை அறியாமல் வாய் திறந்தேனே, அந்தக் குறை என்னுடையது.

படிவத்தின் கணக்கு

அந்தக் கணக்கைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். பல்கலைக்கழக அனுமதி 2001ஆம் ஆண்டு முதல் இஸட் புள்ளியின்படி நடைபெறுகிறது. மருத்துவம் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மருத்துவம் ஒரே பாடமானாலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வெட்டுப்புள்ளி வேறு. பிள்ளை எழுதிக் கொடுக்கும் விருப்ப வரிசையை மேலிருந்து பார்த்து, அவளுடைய புள்ளி எட்டும் முதலாவது இடத்தைக் கொடுக்கிறார்கள்.

ஆகவே விருப்பமான இடத்தை முதலில் எழுதி, தூரத்து மருத்துவ பீடங்களை அதன்பின் எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளதை யாரும் பார்க்கப்போவதில்லை. எழுதாமல் விட்டால்தான் நட்டம். மருத்துவத்துக்குக் கீழேயும் பல் மருத்துவம், தாதியியல், மருந்தாளர் கற்கை, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் யூனானி வைத்தியம் என்று வழிகள் உள்ளன. மகளுடைய மனதறிந்து அவற்றையும் வரிசையில் சேருங்கள்.

எங்கெங்கே இருக்கின்றன?

1870இல் மருத்துவப் பாடசாலையாகத் தொடங்கிய கொழும்பும், 1962இல் வந்த பேராதனையும் பழையவை. யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. றுகுணுவின் பீடம் காலியிலும், களனியின் பீடம் ராகமையிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தினுடையது மட்டக்களப்பிலும், ரஜரட்டவினுடையது அநுராதபுரத்திலும் உள்ளன. ஸ்ரீ ஜயவர்தனபுரவிலும் உண்டு. குளியாப்பிட்டியில் வயம்ப, இரத்தினபுரியில் சப்ரகமுவ, மற்றும் மொறட்டுவை ஆகியவை பின்னர் சேர்ந்தவை. எங்கு படித்தாலும் ஐந்து வருடப் படிப்பு, ஆங்கில மொழியில். அதன்பின் ஒரு வருட உள்ளகப் பயிற்சி.

"பெயர் பெற்ற இடமா?" என்று கேட்பவர்களிடம் நான் வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்கின்றேன். முதல் வருடம் விடுதி கிடைக்குமா? விடுதிக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்? மாலையில் இருட்டிய பின் நடந்து வர வேண்டியிருக்குமா? தொழுவதற்கு இடம் உண்டா? ஹலால் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள்? இவற்றுக்கெல்லாம் சரியான பதில் அங்கேயே படிக்கும் நம் பிள்ளை ஒருத்தியிடம்தான் கிடைக்கும். ஊரில் விசாரித்தால் அப்படி ஒருத்தி இருப்பாள். உம்மாவும் மகளும் சேர்ந்து அவளைப் போய்ச் சந்தியுங்கள்.

மொழியையும் யோசியுங்கள். தமிழ் மொழியில் படித்த பிள்ளை தென்பகுதிக்குப் போனால் வாட்டில் நோயாளி சிங்களத்தில்தான் தன் வலியைச் சொல்வாள். பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் மாதங்களில் சிங்களம் பேசப் பழகட்டும். ஆங்கிலமும் அப்படியே. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் பேசும் நோயாளிகளே அதிகம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட வேதனை நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் ஆறவில்லை. யாழ்ப்பாணம் என்றதும் ஓர் உம்மும்மாவின் முகம் மாறினால் அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே இப்போது படிக்கும் பிள்ளையிடம் இன்றைய நிலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உம்மாமாரின் பயம்

பகிடிவதை என்றதும் உம்மாமாரின் வயிறு கலங்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரை சிறை விதிக்கலாம். பாலியல் தொல்லையோ கடுங்காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை. சட்டம் இருந்தும் கொடுமை முற்றாக ஒழியவில்லை. ஆகவே மகளிடம், "என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல். உன்னைத் திருப்பி அழைத்துவிடுவோம் என்று பயந்து மறைக்காதே" என்று சொல்லி அனுப்புங்கள். எதைச் சொன்னாலும் 'படிப்பை நிறுத்து' என்று பாயும் வீட்டில் பிள்ளை எதையும் சொல்லமாட்டாள்.

மார்க்கம் தளர்ந்துவிடுமோ என்பது அடுத்த பயம். பல பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மஜ்லிஸ் இயங்குகிறது. மூத்த மாணவிகள் புதிய பிள்ளைகளைத் தங்கள் தங்கைகளைப் போல் பார்த்துக்கொள்வார்கள். பஜ்ருக்கு எழுப்பிவிடும் ஓர் அறைத் தோழி கிடைத்தால் அதுவே பெரும் நிஃமத். மற்றச் சமூகத்துப் பிள்ளைகளோடும் அவள் நல்லுறவோடு பழக வேண்டும். நாளை அவர்களோடுதான் இரவுக் கடமை பார்க்கப்போகிறாள். பதினெட்டு வருடம் வீட்டில் ஊட்டாத தொழுகையை எந்த விடுதியும் ஊட்டாது. ஊட்டியிருந்தால், தூரம் அதை எளிதில் பறித்துவிடவும் மாட்டாது.

மஹ்ரம் இன்றிப் பயணிப்பது பற்றிய ஹதீஸ்களையும் நான் மறக்கவில்லை. பயணம் பாதுகாப்பாக அமையுமிடத்து அனுமதிக்கும் உலமாக்களும் உண்டு, அனுமதிக்காதோரும் உண்டு. வாப்பாவோ நானாவோ கொண்டுபோய் விட்டு, விடுமுறைக்குக் கூட்டி வருவது பேணுதலான வழி. கொஞ்சம் சிரமம்தான். ஆனால் அந்த நீண்ட பஸ் பயணங்களில் வாப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் அளவுக்கு வீட்டில்கூடப் பேசியிருக்கமாட்டார்கள்.

நம் மீதுள்ள கடமை

மருத்துவத்தைப் பர்ளு கிபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். தம் காலத்து ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் இல்லாதிருந்தும் அதைக் கற்க ஆளில்லையே என்று அவர்கள் வருந்துகிறார்கள். காயம்பட்ட ஸஹாபாக்களுக்கு ருபைதா (ரழி) அவர்கள் கூடாரம் அமைத்துச் சிகிச்சை செய்ததை நாம் மேடைகளில் பெருமையோடு பேசுகின்றோம். மனைவியின் பிரசவ நேரத்தில் "பெண் டொக்டர் இல்லையா?" என்று வைத்தியசாலை வராந்தாவில் அங்குமிங்கும் நடக்கின்றோம். அந்தப் பெண் டொக்டர் யாரோ ஒருவருடைய மகள். அவளையும் ஒருநாள் ஒரு வாப்பா தூரத்து விடுதியொன்றில் விட்டுவிட்டுக் கண் கலங்கத் திரும்பியிருப்பார்.

எனவே, இந்த முடிவை எடுக்கும்போது மகளையும் மஷூராவில் உட்கார வையுங்கள். படிக்கப்போகிறவள் அவள். விசாரிக்க வேண்டியதை விசாரித்தபின் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராச் செய்யுங்கள். கனவு காண வேண்டுமென்று காத்திருக்கத் தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். வரிசையை முழுமையாக எழுதுவதும் அப்படிக் கட்டுவதுதான். அன்று அந்த வாப்பாவுக்கு இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது யாராவது அதே கேள்வியோடு வந்தால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "படிவத்தைக் கொண்டு வாருங்கள், மகளையும் கூட்டி வாருங்கள்" என்கின்றேன். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பிறர் நோய் தீர்க்கும் கைகளாக அவர்களின் கைகளை ஆக்கியருள்வானாக. ஆமீன்.