பூட்டாத வீட்டின் காவல்

தருமபுரி மாவட்டத்தின் மலையூர்களில், குறிப்பாக அரூர் வட்டத்துச் சித்தேரி மலை போன்ற இடங்களில், பகலில் வீட்டைப் பூட்டாமல் கொல்லைக்கும் காட்டுக்கும் செல்வது நெடுநாள் வழக்கம். கதவின் கொண்டியை நாதாங்கியில் மாட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகினால் போதும். அந்தக் குச்சி திருடனைத் தடுப்பதற்கன்று; ஆடும் நாயும் உள்ளே புகாதிருக்கவும், வீட்டில் ஆள் இல்லை என்பதை வருவோர்க்குத் தெரிவிக்கவும் வைக்கப்படுவது. மூங்கிலாலோ மிலாறாலோ பின்னிய படலின் வேலையும் அதுவே. பூட்டாமல் செல்லும் இவ்வழக்கத்தை மலைமக்களின் வெள்ளை மனத்துக்குச் சான்றாகக் காட்டுவது நகரத்தார் இயல்பு. பாராட்டைப் போலத் தோன்றினாலும், அப்பேச்சு அம்மக்கள் தம் உடைமையைக் காத்துக்கொண்ட முறையைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறது.

அம்முறை கண்ணையும் காதையும் நம்பியது. சில பத்து வீடுகளே உள்ள ஊருக்கு ஏறிவரும் தடம் ஒன்றோ இரண்டோதான் என்பதால், புது ஆளை முதலில் நாய் அறியும், அடுத்து, திண்ணையில் இருக்கும் கிழவி "யாரு ஊட்டுக்குப் போறீங்க?" என்று கேட்பாள். சமவெளியின் களத்துமேடுகளில் இதே அறிவு வேறு வடிவில் இருந்தது. தூற்றிய தானியத்தை, அதாவது பொலியை, இரவு களத்திலேயே விட நேர்ந்தால், சாணத்தை நீரில் கரைத்த சாணிப்பாலைக் கொண்டு குவியலின் மேல் குறியிடுவார்கள். ஒரு முறம் தானியத்தை எடுத்தாலும் பொலி சரிந்து குறி கலைந்துவிடும். எடுத்தவர் அதே குறியை மீண்டும் இடுவது எளிதன்று. பூட்டு களவைத் தடுக்க முயல்வது; சாணிப்பால் குறியோ களவை வெளிப்படுத்துவது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் வெளிப்படும் என்ற அச்சமே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

எனினும், தகடூர் என்று பழம்பெயர் கொண்ட இப்பகுதி களவையே அறியாதது என்று கொள்வதற்கில்லை. தருமபுரி அருங்காட்சியகத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் காணப்படும் நடுகற்களில், அதாவது போரிட்டு இறந்த வீரர்க்கு எடுத்த நினைவுக்கற்களில், பல தொறு மீட்கையில் இறந்தவர்க்கு உரியவை. தொறு என்பது மாட்டு மந்தை. அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட கல், தன் எருமைகளைக் காத்து நின்று இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்குரியது. அதே கல்லில் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தி பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு காவல் நாய்க்கு ஊர் செய்த இம்மரியாதை நெஞ்சைத் தொடுவது.

பூட்டாமல் விட்ட வீட்டைச் சட்டமும் கைவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு, மனிதர் வாழும் வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது; கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா என்று அப்பிரிவு பார்ப்பதில்லை. பூட்டைத் திறந்தோ, பழந்தமிழர் கன்னம் வைத்தல் என்று சொன்னதுபோலச் சுவரைத் துளைத்தோ நுழைந்தால், அத்துமீறி உடைத்துப் புகுந்த குற்றமும் அதனுடன் சேரும்.

ஆனால் இம்மாவட்டத்தில் வீடுகள் கண்ட மிகக் கொடிய சூறை இரவில் ஒளிந்துவந்த திருடரால் நிகழ்ந்ததன்று. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் வீடுகளை உடைத்துப் பொருள்களைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அடுத்து, 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் அக்கம்பக்கத்துப் பிற சாதியினரால் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அயலாரின் கண் காக்கும் என்ற நம்பிக்கை, அயலார் எவரை அயலாராக ஏற்கின்றனர் என்பதைப் பொறுத்தது; ஊர்க் காவலின் பெருமையைப் பேசுவோர் இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இன்று அந்தக் கண்களே குறைந்துவருகின்றன. தருமபுரிச் சமவெளியில் விளைநிலத்துக்கு நடுவே ஒன்றிரண்டு வீடுகளாக நிற்கும் குடியிருப்புக்குக் கொட்டாய் என்று பெயர். பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றபின் அங்கே முதியவர்களே தனித்திருக்கின்றனர். கொங்குப் பகுதியில் இத்தகைய தோட்டத்து வீடுகளில் என்ன நேரக்கூடும் என்பதை 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தினர் மூவரும், 2025இல் சிவகிரி அருகே முதிய தம்பதியரும் கொல்லப்பட்டது காட்டியது.

இவ்விடங்களுக்குப் பூட்டும் வேண்டும், கேமராவும் வேண்டும், இரவு ரோந்தும் வேண்டும். ஆயினும், ஓர் ஆளின் குரல் எட்டும் அளவாகிய கூப்பிடு தூரத்துக்குள் ஓடிவர ஒருவர் இல்லாத கொட்டாயில், கேமரா எடுக்கும் படம் பெங்களூரில் இருக்கும் மகனின் கைப்பேசிக்குத்தான் போய்ச் சேரும். மாலையில் வரப்போரம் நின்று "சாப்ட்டாச்சா?" என்று குரல் கொடுத்துப் போகும் பக்கத்துக் கொட்டாய்க்காரருக்கும் வயது எழுபதைத் தாண்டியிருக்கும், அவருடைய பிள்ளைகளும் பெங்களூரில்தான் இருப்பார்கள்.