இந்தக் கேனில் முன்பு என்ன இருந்தது?

லாங் ஐலண்டில் கடைவீதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ரங்கத்திலிருந்தோ போர்ட் பிளேரிலிருந்தோ (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) படகு வந்தால்தான் சாமான் வரும். ஆகையால் இங்கே காலி டப்பாவைக்கூட யாரும் தூக்கி எறிவதில்லை. எண்ணெய் கேன், பெயிண்ட் வாளி, மருந்து டப்பா எல்லாவற்றுக்கும் மறுபிறவி உண்டு. ஒட்டுப்பலகை ஆலை நடந்த காலத்தில் என் கணவரோடு இந்தத் தீவுக்கு வந்தவள் நான். ஆலை மூடிவிட்டது. நாங்கள் தங்கிவிட்டோம். டப்பா சேர்க்கும் பழக்கமும் எங்களோடு தங்கிவிட்டது.

சென்னையில் வேதியியல் படிக்கும் என் இளைய மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மருமகளுக்கு அப்போது ஆறாவது மாதம். தண்ணீர் மொள்ளப் போன மகள் திரும்பி வந்து கேட்டாள்:

"அம்மா, அந்த நீலக் கேன்ல முன்னாடி என்னம்மா இருந்தது?"

"யாருக்குத் தெரியும்? ஜெட்டியில வாங்கினது. சோப்புப் போட்டு நாலு தரம் கழுவியாச்சு."

"அண்ணி இதிலேருந்துதான் குடிக்கிறாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு அவள் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கள்ளச் சாவி

நம் உடலில் சுரக்கும் ஹார்மோன் ஒரு சாவி. உயிரணுவில் அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. சரியான நேரத்தில் சரியான சாவி திறந்தால்தான் குழந்தையின் மூளையும் பிறப்புறுப்புகளும் ஒழுங்காக உருவாகும். சில இரசாயனங்கள் கள்ளச் சாவிபோல அந்தப் பூட்டுக்குள் நுழைந்துவிடுகின்றன. வேறு சில, பூட்டையே அடைத்துவிடுகின்றன. பெரியவர்களைவிடக் கருவில் வளரும் சிசுவுக்கே இதனால் ஆபத்து அதிகம்.

இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. 1938இல் இலண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற அறிஞர் குழுவினர் டி.இ.எஸ். என்ற செயற்கைப் பெண் ஹார்மோனை உருவாக்கினார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். 1971இல், அந்தத் தாய்மார்களின் பெண் பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே அரிய வகைப் புற்றுநோய் வருவதை பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தாய் விழுங்கிய மாத்திரையின் கேட்டை மகள் இருபது ஆண்டு கழித்து அனுபவித்தாள்! அதே டாட்ஸ், பிஸ்பீனால்-ஏ என்ற பொருளும் பெண் ஹார்மோன்போல வேலை செய்கிறது என்று 1936இலேயே எழுதியிருந்தார். பிற்காலத்தில் அதுவே கடினமான பிளாஸ்டிக் செய்யும் மூலப்பொருளாகி, பால்புட்டி வரை வந்தது.

கணிப்பொறியின் சல்லடை

"அப்படியானால் எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்துவிடலாமே?" என்று கேட்டேன். மகள் சிரித்தாள். அமெரிக்க அரசின் பதிவேட்டில் மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளனவாம். ஒவ்வொன்றையும் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் பணமும் போதாது, காலமும் போதாது. இந்த இடத்தில்தான் கணிப்பொறி உதவிக்கு வருகிறது.

பூட்டைத் திறப்பவை என்றும் திறக்காதவை என்றும் ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே தெரிந்துவிட்ட சில இரசாயனங்களை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றின் மூலக்கூறு எவ்வளவு பெரியது, எத்தனை வளையங்கள், எண்ணெயில் கரையுமா, ஓரத்தில் எந்த அணுக்கள் தொங்குகின்றன என்பதையெல்லாம் எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். பிறகு புதிய மூலக்கூறின் வடிவத்தைக் காட்டினால், "இது சந்தேகத்துக்குரியது", "இது அவசரமில்லை" என்று அது பிரித்துக் கொடுக்கும். நம் பெண்கள் அரிசியைப் புடைத்துக் கல்லை ஓரம் தள்ளுவதுபோலத்தான்!

2016இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த 17 குழுக்கள் ஒன்றுசேர்ந்து, 32,464 இரசாயனங்களை இப்படிச் சலித்தன. அவற்றில் ஏறத்தாழ 4,000 பொருள்களை முதலில் சோதிக்க வேண்டியவை என்று எடுத்துக் கொடுத்தன. அது குற்றத் தீர்ப்பு அல்ல. யாரை முதலில் விசாரிப்பது என்ற வரிசைதான்.

தரமணியில் ஒரு பட்டியல்

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் அரீஜித் சமல் அவர்களின் குழு, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்து, ஹார்மோனைக் குலைப்பதற்குச் சோதனைச் சான்றுள்ள 686 இரசாயனங்களை 2019இல் பட்டியலிட்டது. 'டிடக்ட்' என்பது அந்தத் தொகுப்பின் பெயர். அடுத்த பதிப்பில் எண்ணிக்கை 792 ஆயிற்று. எந்தப் பொருள் எங்கிருந்து நம்மை வந்தடைகிறது, எந்த அளவில் என்ன செய்தது என்பதெல்லாம் அதில் உண்டு.

அக்குழுவினர் நேர்மையாக இன்னொன்றையும் சொன்னார்கள். வடிவத்தில் ஒத்திருக்கும் இரசாயனங்கள் உடலில் ஒரே மரபணுக்களைத்தான் தாக்கும் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே வடிவத்தை மட்டும் வைத்துக் கணிப்பது எளிதல்ல.

நத்தை சொன்ன பாடம்

படகு வைத்திருக்கும் நமக்கு இதற்கு நல்ல உதாரணம் உண்டு. படகின் அடியில் சிப்பியும் பாசியும் பிடிக்காமலிருக்க டிரைபியூடைல் டின் கலந்த பெயிண்ட் உலகமெங்கும் பூசப்பட்டது. அது கலந்த கடலில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது! இந்தியக் கரையோர நத்தைகளிலும் இந்த மாற்றம் இருப்பதை கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டார்கள். அந்தப் பொருளுக்கும் பெண் ஹார்மோனுக்கும் உருவ ஒற்றுமையே இல்லை. அது வேறொரு பூட்டைத் திறக்கிறது என்பது 2004இல்தான் தெரிய வந்தது. ஒரே பூட்டை மட்டும் பார்க்கும் கணிப்பொறி இதைக் கோட்டை விட்டிருக்கும். கப்பல்களில் அந்தப் பெயிண்டைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது.

எங்கள் வீட்டில்

பயந்து நடுங்க வேண்டியதில்லை. அளவு, காலம், எத்தனை நாள் பழகுகிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் கேடு வருகிறது. ஆனால் எளிதில் தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்கலாம் அல்லவா? எங்கள் வீட்டில் செய்தவை இவ்வளவுதான்:

முன்பு என்ன இருந்தது என்று தெரியாத கேனில் தண்ணீரோ அரிசியோ ஊறுகாயோ வைப்பதில்லை. கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக்கில் ஊற்றுவதில்லை; எவர்சில்வர் தூக்கு மறுபடியும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கை அடுப்பெரிக்கப் பயன்படுத்துவதில்லை. படகுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போவதில்லை.

நீலக் கேனில் இப்போது படகுக் கயிறு கிடக்கிறது. பேத்தி பிறந்து நான்கு மாதம் ஆகிறது, நன்றாக இருக்கிறாள். கேன்தான் கெடுதல் செய்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, செய்திருக்காது என்றும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஆயிரக்கணக்கான இரசாயனங்களைப் பார்த்துக் கணிப்பொறி கேட்கும் கேள்வியைத்தான் என் மகளும் கேட்டாள். வெள்ளம் வருமுன் அணை போடச் சொல்லும் கேள்வி அது. அடுத்த படகில் காலி டப்பா வாங்கும் சகோதரிகளே, நீங்களும் ஒரு தடவை கேட்டுவிட்டு வாங்குங்கள்: "இதில் முன்பு என்ன இருந்தது?"