தசையின் களைப்பும் தெளிவும்

சித்தாண்டி முருகன் கோயிலிலே, கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் தங்கி இளைப்பாறுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அறுபது வயதைக் கடந்த அம்மையாரும் நாள்தோறும் பல மைல் நடந்து வருவார். ஆனால், நானூறு மீற்றர் ஓட்டத்திற் புறப்பட்ட என் மாணவன் ஒருவன், கடைசி நூறு மீற்றரில் கால்கள் மரமாகித் தடுமாறினான். “மனம் வைத்தால் ஓடலாமடா!” என்று கரையில் நின்று அதட்டினேன். குறை அவன் மனத்திலன்று என்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

தசை சுருங்குவதற்குரிய சக்தியை நேராக வழங்குவது அதனோசின் முப்பொசுபேற்று என்னும் பொருள். அதன் கையிருப்பு இரண்டு மூன்று செக்கனுக்கே போதும். அடுத்து, கிரியேற்றின் பொசுபேற்று ஏறத்தாழ 10 செக்கன் வரை கைகொடுக்கும். அதற்கு மேலும் கடுகி ஓடினால், வந்து சேரும் ஒட்சிசன் போதாமையால், தசை தன் கிளைக்கோசனை ஒட்சிசனின்றியே உடைக்கும், இலத்திக்கமிலம் பெருகும்.

1907ஆம் ஆண்டிலே பிளெச்சர், ஹொப்கின்சு என்னும் ஆங்கில அறிஞர் இருவர் தவளைத் தசையில் இவ்வமிலம் சேர்வதைக் காட்டினர். பின்னர் பழியெல்லாம் அதன் தலையில் விழுந்தது. கலைப் பட்டதாரியாகிய நானும் நெடுங்காலம் அவ்வாறே நம்பியிருந்தேன். இன்றைய ஆய்வோ வேறு கூறுகிறது. இலத்தேற்று நஞ்சன்று, இதயம் அதனை எரிபொருளாகவே கொள்கிறது, ஈரல் அதனை மீண்டும் குளுக்கோசாக்குகிறது. கிரியேற்றின் பொசுபேற்று உடைந்தபின் எஞ்சும் பொசுபேற்றே பெருந்தடை என்பர். அது புரத இழைகளின் பிடியைத் தளர்த்தும்; சுருங்குமாறு தூண்டும் கல்சியம் வெளிப்படுவதையும் குறைக்கும். மூளையும் தன் ஏவலைச் சற்றே தளர்த்துவதுண்டு. ஆதலின் மனத்துக்கு இங்கே இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதட்டலால் பொசுபேற்று அகலாது, அவ்வளவே.

அம்மையாரோ மெல்ல நடந்தார். ஒட்சிசன் தட்டுப்படவில்லை, கொழுப்பும் உடன் எரிந்தது.

ஓட்டம் முடிந்து ஐந்து நிமிடத்துள் கிரியேற்றின் பொசுபேற்றின் பெரும்பகுதி மீளும். இலத்தேற்று ஒரு மணித்தியால அளவிற் கலையும். சும்மா கிடப்பதினும் மெதுவாக நடந்தால் விரைவிற் கலையும். கிளைக்கோசன் நிரம்ப ஒரு நாளளவு செல்லும். அதற்குச் சோறும் வேண்டும்.

மறுநாட் காலையில் தொடை நோவதற்கும் இலத்திக்கமிலத்தையே குறை கூறுவார் உளர். அது முன்னரே போய்விட்டதன்றோ! பழகாத வேலையில், சிறப்பாக இறக்கத்தில் இறங்கும்போது, சுருங்கியவாறே இழுபடும் இழைகளில் நேரும் நுண்ணிய சிதைவே அந்நோவுக்குக் காரணம். இரண்டு மூன்று நாளில் உச்சமடைந்து தானே தணியும். சில வாரங்களுள் அதே வேலையை மீண்டும் செய்தால் முன்னையினும் குறைவாகவே நோகும்.